தசைக் களைப்பு நோயாளிகளுக்கு காபி கைகொடுக்குமா? உணவில் உண்மையில் கவனிக்க வேண்டியவை எவை?

காலையில் தெளிவாகப் பேசியவருக்கு மாலையில் நாக்கு குழறுகிறது. ஒரு கண்ணின் இமை மட்டும் தாழ்ந்து பார்வையை மறைக்கிறது. சப்பாத்தியை நான்கு வாய் மென்றதும் தாடை ஓய்ந்துவிட, அதைக் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சற்று ஓய்வெடுத்தால் வலு திரும்புகிறது. மீண்டும் உழைத்தால் மீண்டும் தளர்கிறது. மயஸ்தீனியா கிரேவிஸ் எனப்படும் நாள்பட்ட தசைக் களைப்பு நோயின் முக்கிய அடையாளங்கள் இவை.

இந்நோய் இருப்பது உறுதியானதும் நோயாளியும் குடும்பத்தினரும் எழுப்பும் முதல் கேள்விகளில் ஒன்று உணவைப் பற்றியது. அதிலும் காபி, தேநீர் குறித்து நேரெதிரான இரு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு குவளை காபி குடித்தால் உடலில் தெம்பு வருகிறது என்பது ஒரு தரப்பு. அதைக் குடித்த பிறகுதான் கை நடுக்கமும் சோர்வும் கூடுகின்றன என்பது மறு தரப்பு. இரண்டுமே அவரவர் அனுபவம் என்பதால் இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. எனினும் காபி தட்டி எழுப்புவது பெரும்பாலும் மூளையை. இந்நோய் தாக்குவதோ நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாததால், காபியைப் பற்றி ஓயாமல் கவலைப்படும் பலர், உண்மையிலேயே ஆபத்தை விளைவிக்கக்கூடிய வேறு சில பொருள்களைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர்.

கோளாறு எங்கே நிகழ்கிறது?

ஒரு தசை அசைய வேண்டுமானால், அதற்குரிய நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்க வேண்டும். அது மிகக் குறுகிய இடைவெளியைக் கடந்து, தசையின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் சென்று அமர்கிறது. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அது பொருந்தியதும் தசை சுருங்குகிறது. மயஸ்தீனியாவில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தவறுதலாக இந்த ஏற்பிகளுக்கு எதிரான புரதங்களை உற்பத்தி செய்து, அவற்றை அடைத்தும் அழித்தும் விடுகிறது. உடல் முழுவதும் பாதிப்புள்ள நோயாளிகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தினரின் ரத்தத்தில் இந்த எதிர்ப்புரதங்கள் காணப்படுகின்றன.

ஒரே தசையைத் தொடர்ந்து இயக்கும்போது ஒவ்வொரு முறையும் சுரக்கும் அசிட்டைல்கோலினின் அளவு சற்றுச் சற்றாகக் குறைவது எல்லோருக்கும் இயல்பு. நலமுள்ளவர்களிடம் ஏற்பிகள் தேவைக்கு மேல் இருப்பதால் அந்தக் குறைவு தெரிவதில்லை. ஏற்பிகளை இழந்தவர்களிடம் அது உடனே தசைத் தளர்ச்சியாக வெளிப்படுகிறது. ஆகவேதான் இந்நோயில் பலவீனம் நிலையாக இராமல், உழைப்புக்கும் ஓய்வுக்கும் ஏற்ப நாளெல்லாம் ஏறி இறங்குகிறது.

உலக அளவில் பத்து லட்சம் பேரில் சுமார் 150 முதல் 250 பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களிடமும் அறுபது வயதைக் கடந்த ஆண்களிடமும் அதிகம் காணப்படுகிறது. இந்தியாவில் இப்பெயர் பொதுமக்களின் காதில் விழுந்தது 1980-களின் நடுப்பகுதியில், நடிகர் அமிதாப் பச்சனுக்கு இந்நோய் கண்டறியப்பட்டபோதுதான். தமது பாதிப்பைப் பற்றி அவரே பின்னர் வெளிப்படையாகப் பேசியுள்ளார்.

காஃபின் செய்வதும் செய்யாததும்

விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். உறக்கத்தையும் அயர்ச்சியையும் உணர்த்துவது அதுவே. காஃபின் அடினோசினின் இருக்கையில் தான் சென்று அமர்ந்து, அதன் செய்தியைத் தடுக்கிறது. அயர்ச்சி மறைந்ததாகத் தோன்றுவது இதனால்தான். அழிந்த ஏற்பிகள் திரும்புவதோ, எதிர்ப்புரதங்கள் குறைவதோ இதனால் நிகழ்வதில்லை.

காஃபினுக்குத் தசையின்மீது நேரடி விளைவே இல்லையா என்றால், ஆய்வுக்கூடத்தில் உண்டு. தனியே பிரித்தெடுத்த தசை இழைகளைக் காஃபின் கரைசலில் இட்டால், உள்ளே சேமிக்கப்பட்டிருக்கும் கால்சியம் வெளிப்பட்டுத் தசை வலுவாகச் சுருங்கும். உடலியல் மாணவர்கள் அறிந்த பழைய சோதனை இது. ஆனால் அதற்குத் தேவைப்படும் செறிவு, ஓரிரு குவளை காபி குடித்தவரின் ரத்தத்தில் காணப்படுவதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அந்த அளவு மனித ரத்தத்தில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. காபி தசைக்கு வலுவூட்டும் என்று இச்சோதனையைச் சான்றாகக் காட்டுவது பொருத்தமன்று.

இருப்பினும், ஊக்கப்பொருள் ஒன்று இந்நோய்க்கு உதவக்கூடும் என்ற எண்ணம் வெறும் கற்பனையில் தோன்றியதன்று. தாமே மயஸ்தீனியாவால் அவதியுற்ற ஹாரியட் எட்ஜ்வொர்த் என்ற அமெரிக்கப் பெண்மணி, வேறோர் உபாதைக்காக எபெட்ரின் மாத்திரையை உட்கொண்டபோது தம் தசைகளுக்கு வலு கூடுவதைக் கவனித்து, 1930-ல் மருத்துவ இதழில் அதனை எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, லண்டன் கிரீனிச்சில் பணியாற்றிய மருத்துவர் மேரி வாக்கர், கலபார் அவரையிலிருந்து கிடைக்கும் பைசோஸ்டிக்மின் மருந்தைச் செலுத்தித் தாழ்ந்த இமைகள் உயர்வதை நேரில் கண்டார். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அது நீண்ட நேரம் நிலைக்கச் செய்வதே அம்மருந்தின் வழி. இன்று பெரும்பாலான நோயாளிகள் உட்கொள்ளும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த வழியில் வந்தது. எபெட்ரின் வகை மருந்துகள் பிறவியிலேயே தோன்றும் சில அரிய தசைக் களைப்பு நோய்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் இன்றும் பயன்படுகின்றன. காஃபின் எபெட்ரினும் அல்ல, பைரிடோஸ்டிக்மினும் அல்ல.

இந்நோயாளிகள் தவிர்க்க வேண்டிய அல்லது எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டிய மருந்துகளின் பட்டியலைப் பன்னாட்டு நிபுணர் குழு வெளியிட்டுள்ளது. காஃபின் அதில் இடம்பெறவில்லை. சிகிச்சையாகவும் அது பரிந்துரைக்கப்படவில்லை. அளவோடு காபி குடிப்பவர் நோய்க்கு அஞ்சி அதை அடியோடு கைவிட வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

களைப்பு என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு நிலைகளைக் குறிக்கிறோம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எதையும் செய்ய மனம் வராத பொதுவான அயர்ச்சி ஒன்று. கையை உயர்த்த முயன்றும் உயர்த்த இயலாத தசைத் தளர்ச்சி மற்றொன்று. நோயாளிகளிடம் இரண்டும் கலந்தே இருக்கும். காபி முன்னதைத் தணிக்கும்போது பின்னதும் குறைந்துவிட்டதாகத் தோன்றும். அந்த நம்பிக்கையில் மாடிப்படி ஏறி, துணி துவைத்து, நெடுநேரம் தொலைபேசியில் பேசி முடித்தபின் தசை வழக்கத்தைவிட அதிகமாகத் தளரும். காபி குடித்தால் சோர்வு கூடுகிறது என்று கூறுவோரில் சிலருக்காவது நடந்தது இதுவாக இருக்கக்கூடும்.

எத்தனை குவளை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் காஃபின் வேண்டாம் என்கின்றன. 150 மில்லி லிட்டர் கொண்ட ஒரு குவளை வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி. வரையிலும், உடனடிக் காபியில் 50 முதல் 65 மி.கி. வரையிலும், தேநீரில் 30 முதல் 65 மி.கி. வரையிலும் காஃபின் இருப்பதாக அதே ஆவணம் குறிப்பிடுகிறது. இது பொதுமக்களுக்கான வரம்பு. தசைக் களைப்பு நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களில் பலருக்கு இதற்குக் கீழேயே தொல்லைகள் தொடங்கிவிடலாம்.

முதல் தொல்லை வயிற்றில். பைரிடோஸ்டிக்மின் தசையில் மட்டுமின்றிக் குடலிலும் அசிட்டைல்கோலினின் செயலைக் கூட்டுகிறது. வயிற்றுப் பிடிப்பு, தளர்ந்த மலம், வாயில் உமிழ்நீர்ப் பெருக்கு ஆகியவை அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். காபியும் குடல் அசைவைத் தூண்டும் இயல்புடையது. வெறும் வயிற்றில் மாத்திரையும் சூடான காபியும் ஒருசேரச் செல்லும்போது, நாளின் முதல் இரண்டு மணி நேரம் கழிவறைக்கும் கட்டிலுக்கும் இடையே கழிந்துவிடும். மாத்திரையை இரண்டு பிஸ்கட் அல்லது சிறிதளவு உணவுடன் விழுங்கி, காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் பலருக்கு இது அடங்கிவிடும்.

அடுத்தது உறக்கம். காஃபின் பாதியளவு கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த தேநீரின் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும். இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் உறக்கத்தைக் கெடுக்கக்கூடியது. அதைக் காலையில் உட்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் சேர்ந்து இரவைக் கெடுத்தால், மறுநாள் தசைத் தளர்ச்சி கூடும். அதை ஈடுகட்ட மேலும் ஒரு காபி என்று சுழல் தொடங்கிவிடும்.

மயஸ்தீனியா உள்ளவர்களிடம் தைராய்டு கோளாறுகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. காபி குடித்ததும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றால் பழியைக் காபியின் மீது போட்டுவிட்டு இருந்துவிடாமல் தைராய்டு சோதனை செய்துகொள்வது நல்லது. தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை உட்கொள்பவர்கள், அதற்கும் காபிக்கும் இடையே குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லாவிடில் மருந்து சரிவர உறிஞ்சப்படாது.

பெண் நோயாளிகள் கவனிக்க வேண்டிய மற்றொன்று இரும்புச்சத்து. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. தேநீரிலும் காபியிலும் உள்ள டானின்கள் உணவின் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் இவற்றைத் தவிர்க்குமாறு மேற்கண்ட வழிகாட்டுதல்கள் கூறுவது இதனால்தான். தசைக் களைப்புடன் ரத்தசோகையும் சேர்ந்தால் எது எதன் களைப்பு என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம்.

காபியை நிறுத்திப் பார்க்க விரும்புவோர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பழகியவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் கடும் அயர்ச்சியும் தோன்றிச் சில நாள்கள் நீடிக்கும். நோய் முற்றிவிட்டதோ என்ற அச்சத்துக்கு அது இடம் தரும். வாரம் ஒரு குவளையாகக் குறைத்து, எந்நேரம் மாத்திரை, எந்நேரம் காபி, எந்நேரம் தளர்ச்சி என்று ஒரு நாட்குறிப்பில் எழுதி வந்தால், மூன்று நான்கு வாரங்களில் தமக்குக் காபி நட்பா, பகையா என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும். ஆற்றல் பானங்கள் எனப்படும் புட்டிப் பானங்களை இந்தக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அவற்றில் லிட்டருக்கு 300 மி.கி. வரை காஃபின் இருக்கலாம்.

மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும்

எதை உண்பது என்பதைவிட எப்போது, எப்படி உண்பது என்பதே இந்நோயில் பெரிய கேள்வி. மெல்லுவதும் விழுங்குவதும் தசைகளின் வேலை. பைரிடோஸ்டிக்மின் உட்கொண்ட அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் செயல்படத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், மருந்தின் வலு உச்சத்தில் இருக்கும் வேளையில் உணவு வருமாறு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை உட்கொள்ள அறிவுறுத்தப்படுகின்றனர். வயிற்றுத் தொல்லைக்காக அப்போது சிறிதளவு ஏதேனும் உண்டு, முழுச் சாப்பாட்டைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு வீடுகளில் இரவு உணவே பெரிய உணவாகவும், அதுவும் ஒன்பது மணிக்குப் பின் உண்பதாகவும் இருக்கிறது. தசைகள் மிகவும் ஓய்ந்திருக்கும் நேரம் அது. வலு அதிகமுள்ள காலையிலும் நண்பகலிலும் பெரும்பகுதியை உண்டு, இரவில் கஞ்சி, குழைந்த கிச்சடி, தயிர் சாதம் என்று முடித்துக்கொள்வது பாதுகாப்பானது. தந்தூரி ரொட்டி, முறுக்கு, வறுத்த கடலை, நார் மிகுந்த இறைச்சி ஆகியவை தாடையை விரைவில் களைப்படையச் செய்யும். சப்பாத்தியை விட இயலாதவர்கள் அதைப் பருப்பில் ஊறவைத்து உண்ணலாம். உணவின்போது பேச்சைத் தவிர்ப்பது, இரண்டு வாய்க்கு ஒருமுறை நிறுத்துவது, மோவாயைச் சற்றே தாழ்த்தி விழுங்குவது ஆகியவை எளிய உத்திகள்.

தண்ணீர் குடிக்கும்போது மூக்கின் வழியே வெளியேறுவதும், குடித்ததும் இருமல் வருவதும் அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள். மெல்லிய திரவமே பலருக்கு விழுங்கக் கடினமானது என்பது முதலில் வியப்பாக இருக்கும். திரவத்தைச் சற்றுக் கெட்டியாக்கித் தருவது எப்படி என்பதை விழுங்குதல் பயிற்சி அளிக்கும் பேச்சு சிகிச்சையாளர்கள் கற்றுத் தருவர்.

வெப்பமும் ஒரு காரணி. குளிர்ச்சியில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியின் வேகம் தணிகிறது, வெப்பத்தில் நேர்மாறு. தாழ்ந்த இமையின் மீது சில நிமிடங்கள் பனிக்கட்டிப் பொதியை வைத்து, இமை உயர்கிறதா என்று மருத்துவர்கள் சோதிப்பது இந்த அடிப்படையில்தான். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேநீரும் ரசமும் வாய், தொண்டைத் தசைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தக்கூடும். காபி குடித்ததும் பேச்சு குழறுகிறது என்பவர்கள் முதலில் அதை ஆற்றிக் குடித்துப் பார்க்கலாம். குற்றம் காஃபினுடையதாக இல்லாமல் சூட்டினுடையதாக இருக்க வாய்ப்புண்டு.

ரம்ஜான் நோன்பு, நவராத்திரி, ஏகாதசி விரதங்கள் ஆகியவற்றில் மாத்திரை அட்டவணையே குலைந்துபோகிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படும் மருந்தைப் பதினான்கு மணி நேரம் நிறுத்துவது எளிய விஷயமன்று. விரதம் இருக்க விரும்புவோர் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

உப்பு, சர்க்கரை, அதிமதுரம்

ஸ்டீராய்டு உட்கொள்பவரின் உணவுத் தட்டு உண்மையில் அந்த மருந்துக்கான தட்டு. பிரெட்னிசலோன் பசியைத் தூண்டும், ரத்தச் சர்க்கரையை உயர்த்தும், உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், எலும்பிலிருந்து கால்சியத்தைக் குறைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. அத்தகைய மக்கள்தொகையில் நீண்டகால ஸ்டீராய்டு என்பது கூடுதல் சுமை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்று மாற்றிக்கொள்வதால் பயனில்லை. ரத்தச் சர்க்கரையை இரண்டுமே உயர்த்தும்.

உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் உப்பு வரம்பு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலச் சிற்றுண்டிகள் இருக்கும் தட்டில் அந்த வரம்பு ஒரே வேளையில் கடந்துவிடும். எலும்பைக் காக்கப் பால், தயிர், எள்ளுடன் கேழ்வரகும் கைகொடுக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.-க்கும் அதிகமான கால்சியம் உள்ளது. மருத்துவர் எழுதித் தரும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளுக்கு இது துணையே தவிர மாற்றன்று.

பொட்டாசியம் குறைந்தால் நலமுள்ளவரின் தசைகூடத் தளரும். ஸ்டீராய்டு, பேதி, சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை ஆகியவை பொட்டாசியத்தைக் குறைக்கும். வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு ஆகியவை ஈடுசெய்யும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களும் மட்டும் கேட்டுக்கொண்ட பிறகே இவற்றைக் கூட்ட வேண்டும்.

தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பது பலர் அறியாதது. வட இந்தியாவில் முலேட்டி என்ற பெயரில் தேநீரிலும் கஷாயத்திலும் இது தாராளமாகச் சேர்க்கப்படுகிறது. அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. ஸ்டீராய்டு செய்வதும் அதையே. குரல் தளர்வது இந்நோயின் ஓர் அறிகுறி. குரலுக்காக அதிமதுரத்தை நாடுவது அந்த நோயாளியே. இரண்டும் தினமும் சேர்ந்தால் தசைக்குக் கேடு.

உண்மையான ஆபத்துகள்

காபியைவிடப் பல மடங்கு அஞ்ச வேண்டியது டானிக் வாட்டர். அதன் கசப்புக்குக் காரணம் குயினைன். மலேரியாவுக்கு மருந்தாகப் பயன்பட்ட இப்பொருள் நரம்பு-தசைச் சந்திப்பில் சமிக்ஞையைத் தடுக்கக்கூடியது. பானத்தில் உள்ள அளவு மருந்தளவைவிடக் குறைவென்றாலும் மயஸ்தீனியா உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். மலேரியா சிகிச்சையின்போதும் தங்கள் நோயைப் பற்றி மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்; குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவையும் எச்சரிக்கைப் பட்டியலில் உள்ளன.

மெக்னீசியம் மற்றொன்று. கீரை, பருப்பு, கொட்டை வகைகளில் இயல்பாக உள்ள மெக்னீசியத்தால் பாதிப்பில்லை. அவற்றை ஒதுக்க வேண்டாம். தசைப் பிடிப்புக்கும் உறக்கத்துக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் மெக்னீசியம் மாத்திரைகளும், அன்றாடம் அருந்தும் மெக்னீசியம் கலந்த மலமிளக்கிகள், அமில முறிவு மருந்துகளும்தான் கேள்விக்குரியவை. ரத்தநாளத்தில் ஏற்றப்படும் மெக்னீசியம் மிகவும் ஆபத்தானது. கர்ப்பகால வலிப்பைத் தடுக்க அது தரப்படுவதால், இந்நோயுள்ள கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரிடம் இதை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும்.

நம் நாட்டில் உணவின் வழியே வரும் பெரிய ஆபத்து வேறொரு பாதையில் வருகிறது. தெருவோரத்தில் உண்ட பானிபூரியோ, வெட்டிவைத்த பழமோ வயிற்றுப்போக்கைத் தருகிறது. பக்கத்து மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஆஃப்லாக்சசின் கலந்த மாத்திரையோ சிப்ரோஃப்ளாக்சசினோ கிடைக்கிறது. காய்ச்சலும் சேர்ந்தால் அசித்ரோமைசின். இந்த மூன்றுமே மயஸ்தீனியாவைத் தீவிரமாக்கக்கூடியவை. தொற்று என்பதே நோய் முற்றுவதற்கு மிகப் பொதுவான காரணம். அதன்மேல் தவறான மருந்தும் சேர்ந்தால் மூச்சுத் தசைகள் தளரும் நிலை வரை செல்லலாம். அசத்தியோபிரின், மைக்கோஃபீனோலேட் போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்குத் தொற்று எளிதில் வரும். கொதிக்க வைத்து ஆறிய நீர், வீட்டில் சூடாகச் சமைத்து மிதமாக ஆறிய உணவு, காய்ச்சிய பால் ஆகியவை இவர்களுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி. பேதி வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் தாராளமாகக் குடிக்கலாம்; ஆன்டிபயாட்டிக் எதுவானாலும் நரம்பியல் மருத்துவரைக் கேட்ட பிறகே. அந்தப் பேதி தொற்றாக இல்லாமல் பைரிடோஸ்டிக்மின் அளவு கூடியதால் ஏற்பட்டதாகவும் இருக்கலாம் என்பது கேட்பதற்கு இன்னொரு காரணம்.

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் உட்கொள்பவர்கள் கிரேப் ஃப்ரூட் பழத்தையும் அதன் உறவான பம்பளிமாஸையும் தவிர்க்க வேண்டும். அவை மருந்தின் அளவை ரத்தத்தில் எதிர்பாராமல் உயர்த்திவிடும்.

கொரோனா காலத்துக்குப் பின் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்ற பெயரில் சூரணங்களும் கஷாயங்களும் வீடுதோறும் நுழைந்துவிட்டன. மயஸ்தீனியாவில் தேவைப்படுவது எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதன்று. நிலைதவறிய எதிர்ப்பு சக்தியை அடக்குவது. சீந்தில் பயன்படுத்திய சிலரிடம் கல்லீரல் பாதிப்பைக் கண்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் தெரிவித்தபோது ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதத்தில் எத்தரப்பை ஏற்றாலும், கல்லீரலைப் பாதிக்கக்கூடிய அசத்தியோபிரினை ஏற்கெனவே உட்கொள்பவர் மருத்துவருக்குத் தெரியாமல் இன்னொன்றைச் சேர்ப்பது விவேகமன்று.

உணவின் மீது பழி சுமத்தும் முன் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அதிக அளவு ஸ்டீராய்டு தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களில் சிலருக்குப் பலவீனம் தற்காலிகமாகக் கூடும். அதே வாரத்தில் கத்திரிக்காய் சாப்பிட்டிருந்தால் கத்திரிக்காயே குற்றவாளி ஆகிவிடும். இப்படி ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் அரிசிக் கஞ்சியும் மோரும் மட்டுமே மிஞ்சும் தட்டுகளும் உண்டு. புரதம் குறைந்தால் இருக்கும் தசையும் மெலியும்.

எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்?

இந்நோயாளிகளில் 15 முதல் 20 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மூச்சுத் தசைகள் செயலிழக்கும் நெருக்கடியைச் சந்திக்கின்றனர். ஒரே மூச்சில் இருபது வரை எண்ண இயலாமை, படுத்தால் மூச்சு முட்டுதல், உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமை, தலை நிற்காமல் முன்னே சாய்தல் ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். அந்நேரத்தில் கூடுதலாக ஒரு மாத்திரையோ, ஒரு குவளை காபியோ கொடுத்துப் பார்க்கக் கூடாது. பைரிடோஸ்டிக்மின் மிகுந்தாலும் இதே தளர்ச்சி ஏற்படும் என்பதால், வீட்டில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. வாய்வழியாக எதுவும் தராமல், நிமிர்ந்து அமரவைத்து, செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகளின் அளவு, தரக்கூடாத மருந்துகளின் பட்டியல், நரம்பியல் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய ஓர் அட்டையைப் பணப்பையில் வைத்திருந்தால், நோயாளியால் பேச முடியாத அந்நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவருக்குத் தேவையான தகவல் அனைத்தும் உடனே கிடைத்துவிடும்.